கடைக் கேமரா வீட்டிலிருந்து ஏன் தெரிவதில்லை?

விருதுநகரில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னை அழைத்தார். கடையில் எட்டு கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று, புதிதாக இழுத்த ஃபைபர் இணைப்பு. கடையில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தால் எட்டுக் கட்டமும் பளிச்சென்று தெரிகிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேமரா மாட்டியவர் "ரூட்டர்ல ஃபயர்வால் தடுக்குது" என்று சொல்லிவிட்டார். நெட் கொடுத்தவர்களை அழைத்தால் "எங்க பக்கம் லைன் சரியாத்தான் இருக்கு, கேமரா ஆளைக் கேளுங்க" என்கிறார்கள். மூன்று வாரமாக இதே கதை. "ஃபயர்வாலை ஆஃப் பண்ணியும் பார்த்தாச்சு தம்பி, அப்பவும் வரமாட்டேங்குது" என்றார்.

நெட்வொர்க் கோளாறு பார்க்கும் இந்த வேலையில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. கேமராவாக இல்லாவிட்டால், அலுவலகத்தில் டேலி ஓடும் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து திறக்க வேண்டும் என்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் வீட்டில் வைத்த ஹார்டு டிஸ்க் பெட்டியை ஊரிலிருந்து எடுக்க வேண்டும் என்பார்கள். எதுவானாலும் பழி விழுவது, வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் மேல்தான். உண்மையில் பெரும்பாலான சமயம் பூட்டு இருப்பது அந்த ரூட்டரிலேயே இல்லை. தெருமுனையைத் தாண்டி, நெட் நிறுவனத்தின் அறையில், வாடிக்கையாளர் கை எட்டாத ஒரு பெட்டியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் செலவழிக்காததால்தான் ஜனங்கள் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

அண்ணாச்சி கடையில் ரூட்டர் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. லேப்டாப்பை அதன் வைஃபையில் இணைத்து 192.168.1.1 என்று அடித்தேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போனால், ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று ஒரு வரி இருக்கும். வெளியுலகைப் பார்த்து நிற்கும் பக்கத்துக்கு நெட் நிறுவனம் கொடுத்த எண் அது. அங்கே 100.81 என்று தொடங்கும் ஓர் எண் இருந்தது. அப்புறம் அதே வைஃபையில் என் கைபேசியை எடுத்து, என் ஐபி என்ன என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்தேன். அது 103 என்று தொடங்கும் வேறு ஓர் எண்ணைக் காட்டியது.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லை என்றால், இந்த ரூட்டருக்கும் வெளியுலகுக்கும் நடுவே முகவரியை மாற்றி அனுப்பும் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். அண்ணாச்சி வீட்டிலிருந்து அனுப்பும் அழைப்பு அந்த 103 எண்ணுக்குப் போய் நிற்கிறது. அங்கிருந்து இந்தக் கடை ரூட்டருக்கு அது வரவே இல்லை. வராத ஒன்றை இந்த ரூட்டரின் ஃபயர்வால் எப்படித் தடுக்கும்?

இது ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4, 32 பிட் எண். மொத்தமே 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள்தான். 1980களின் தொடக்கத்தில் அது தீராத எண்ணிக்கையாகத் தெரிந்தது. 1990களிலேயே போதாது என்று புரிந்துவிட்டது. 1994 மே மாதம், இணையத்தின் நெறிமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 1631ஆம் ஆவணம், முகவரியை மொழிபெயர்க்கும் 'நேட்' என்ற யோசனையை எழுதிவைத்தது: ஒரு அலுவலகத்துக்குள் ஆயிரம் கணினிகள் இருந்தாலும் வெளியே ஓரிரு முகவரிகளோடு போய்வரலாம். 1996இல் ஆர்எஃப்சி 1918 வந்தது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளையும் உள்புழக்கத்துக்கென்று ஒதுக்கியது. உங்கள் வீட்டு ரூட்டரும் என் வீட்டு ரூட்டரும் 192.168.1.1 என்று ஒரே எண்ணை வைத்திருப்பது அதனால்தான்.

அப்படியும் 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக்கையிருப்பு தீர்ந்தது. கடைசியாக இருந்த ஐந்து பெரிய தொகுதிகளை ஐந்து கண்டப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்கின் பங்காக வந்தது 103 என்று தொடங்கும் தொகுதி. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஏப்னிக்கும் அந்தக் கடைசித் தொகுதியில் கைவைக்கும் நிலைக்கு வந்தது. அன்று முதல் ரேஷன். ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள். 2019இல் அதையும் பாதியாக்கி 512 என்று வைத்தார்கள்.

இப்போது நம் ஊர் நிலவரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் இணையம் வீட்டுக்கு வீடு போனது 2016க்குப் பிறகு. அதாவது முகவரி தீர்ந்து ஐந்து வருடம் கழித்து நாம் பந்திக்கு வந்தோம். ஒரு தாலுகாவில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தவர் ஃபைபர் இழுத்து நெட் கொடுக்க உரிமம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைக்கக்கூடியது 512 முகவரி. அவரிடம் ஐயாயிரம் வீடுகள் சேர்ந்துவிட்டால் ஒரு முகவரியைப் பத்து வீடு பங்கிட வேண்டும். வெளிச்சந்தையில் முகவரி வாங்கலாம், ஆனால் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு நெட் கொடுப்பவருக்குக் கட்டுப்படியாகாது. சிற்றூர் நிறுவனங்களின் எண்கள் 103 என்று தொடங்குவதை இத்தனை இடங்களில் பார்ப்பதற்குக் காரணமும் இந்த ரேஷன்தான். அண்ணாச்சி கடையில் நான் பார்த்த 103 அந்த வரிசையில் வந்தது.

இப்படிப் பங்கிடுவதற்குப் பெயர் சிஜிநேட். வீட்டு ரூட்டர் செய்கிற அதே வேலையை நெட் நிறுவனம் தன் அறையில் ஒரு பெரிய பெட்டியில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்துச் செய்கிறது. இந்த நடு அடுக்குக்கென்றே 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 ஒரு தனித் தொகுதியை ஒதுக்கியது: 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை, சுமார் 42 லட்சம் முகவரிகள். உங்கள் வேன் ஐபி இந்த எல்லைக்குள் விழுந்தால் சந்தேகமே வேண்டாம், நீங்கள் சிஜிநேட்டுக்குள் இருக்கிறீர்கள். சில சிறு நிறுவனங்கள் இதற்குப் பதில் 10 என்று தொடங்கும் எண்ணையோ 172.16 வரிசையையோ கொடுப்பார்கள். பலன் ஒன்றுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: டெயில்ஸ்கேல் போன்ற செயலிகளும் தங்கள் உள்முகவரிகளுக்கு இதே 100 வரிசையைப் பயன்படுத்துகின்றன. கைபேசியில் அந்த எண்ணைப் பார்த்துக் குழம்பாமல், ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பார்க்க வேண்டும்.

இந்த மொழிபெயர்ப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் ஃபயர்வால் ஏன் குற்றவாளி இல்லை என்பது விளங்கும். கடையில் இருக்கும் லேப்டாப் 192.168.1.20. அது ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது தன் பக்கத்தில் 51000 என்ற போர்ட் எண்ணை, அதாவது ஒரே முகவரியில் எந்த உரையாடல் என்று பிரித்துக் காட்டும் எண்ணை, எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. கடை ரூட்டர் அதைத் தன் பேரேட்டில் குறித்துக்கொண்டு, முகவரியை 100.81 என்ற எண்ணாக மாற்றி அனுப்புகிறது. நெட் நிறுவனத்துப் பெட்டி தன் பேரேட்டில் இன்னொரு வரி எழுதி, 103 எண்ணும் 23107 என்ற போர்ட்டும் கொடுத்து வெளியே விடுகிறது. பதில் வரும்போது 23107க்கு வந்தது யாருடையது என்று பேரேட்டைப் புரட்டி, வந்த வழியே உள்ளே அனுப்புகிறார்கள். உள்ளிருந்து கிளம்பியதற்கு வரவு வைக்க வரி இருக்கிறது. வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டுவதற்கு வரியே இல்லை. அந்த 103 எண்ணில் பத்து வீடுகள் இருக்கும்போது எந்த வீட்டுக்கு அனுப்புவது? பெட்டிக்குத் தெரியாது. கீழே போட்டுவிடும்.

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடுவது என்பது பேரேட்டில் நாமே முன்கூட்டி ஒரு வரி எழுதிவைப்பது: 8000 என்ற போர்ட்டுக்கு எது வந்தாலும் டிவிஆருக்கு அனுப்பு என்று. கடை ரூட்டரின் பேரேட்டில் எழுதலாம். நெட் நிறுவனத்தின் பேரேட்டில் நம்மால் எழுத முடியாது. அந்தப் பெட்டியிடமே கேட்டுப் போர்ட் வாங்குவதற்கு பிசிபி என்றொரு நெறிமுறை 2013இலேயே வந்துவிட்டது. வீட்டு இணைப்புகளில் அதைத் திறந்துவிட்ட நிறுவனத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஃபயர்வால் வேறு வேலை. வருவது பேரேட்டில் இருக்கும் உரையாடலைச் சேர்ந்ததா, புதிதாக வருகிறதா, புதிதென்றால் விடலாமா என்று பார்ப்பது அதன் தொழில். வீட்டு ரூட்டர்களில் நேட்டும் ஃபயர்வாலும் ஒரே பெட்டிக்குள் ஒன்றாக ஓடுவதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். "ஃபயர்வால் லெவல்: ஹை, மீடியம், லோ" என்று ஒரு பக்கம் கண்ணில் படும். அதைக் குறைத்தால் எல்லாம் வந்துவிடும் என்று தோன்றும். சிஜிநேட் இருக்கும் இணைப்பில் அதைக் குறைப்பதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

சரி, வேன் ஐபியும் வெளியே தெரியும் ஐபியும் ஒன்றாகவே இருக்கிறது, அப்படியும் வரவில்லை என்றால்? அப்போது உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கதவாகப் போக வேண்டும். முதல் கதவு அந்தக் கருவியே. ரூட்டர் கருவிகளுக்கு எண்ணைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கும் என்பதால் நேற்று 192.168.1.15 ஆக இருந்த டிவிஆர் இன்று கரண்ட் போய் வந்தபின் 192.168.1.22 ஆகியிருக்கலாம். ஃபார்வர்டிங் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். டிவிஆருக்கு ரூட்டரில் நிலையான எண் ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால் அதன் சொந்த ஃபயர்வால் இருக்கிறது. வைஃபையை 'பப்ளிக்' என்று குறித்திருந்தால் பலவற்றை அதுவே மறுத்துவிடும்.

எண்கள் ஒன்றாக இல்லாததற்கு சிஜிநேட் தவிர இன்னொரு காரணமும் உண்டு: இரட்டை ரூட்டர். ஃபைபர் கொண்டுவந்தவர் மாட்டிய, ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டி ஒன்று, வைஃபை எட்டவில்லை என்று கடைக்காரர் வாங்கிச் சேர்த்தது ஒன்று. இரண்டும் ரூட்டராக ஓடினால் இரண்டு பேரேடு, ஒன்றில் மட்டும் வரி எழுதியிருப்போம். அடையாளம் எளிது: உங்கள் ரூட்டரின் வேன் ஐபி 192.168 என்று தொடங்கும். ஓஎன்டியை, ரூட்டர் வேலை செய்யாமல் வெறும் பாலமாக நிற்கும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லி, இணைப்பில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் ரூட்டரில் கொடுத்தால் ஒரு அடுக்கு குறையும். இங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பல இடங்களில் வாடிக்கையாளரிடம் கொடுக்கும் கடவுச்சொல்லில் பாதிப் பக்கங்கள்தான் தெரியும். போர்ட் ஃபார்வர்டிங் பக்கமே வராது. முழு உரிமையுள்ள கணக்கு நிறுவனத்திடம் இருக்கும். யூடியூபில் பார்த்தபடி மெனுவைத் தேடித் தேடி, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பக்கம் அவர்களுக்குக் காட்டப்படவே இல்லை.

சோதிக்கும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. கடை வைஃபையில் இருந்துகொண்டே கடையின் வெளி ஐபியை அடித்துப் பார்ப்பார்கள். உள்ளிருந்து போய்த் தன் வீட்டு வாசலுக்கே திரும்பி வருவதைப் பல ரூட்டர்கள் அனுமதிப்பதில்லை. வெளியிலிருந்து சரியாக வேலை செய்யும் அமைப்பும் இந்தச் சோதனையில் தோற்கும். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்ப்பதே சரியான சோதனை.

அப்படிப் பார்க்கும்போது என்ன பதில் வருகிறது என்பதைக் கவனியுங்கள், அதுதான் பெரிய தடயம். அடித்தவுடன் 'கனெக்ஷன் ரெஃபியூஸ்டு' என்று வந்தால், உங்கள் அழைப்பு யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்ந்து, "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று அவர் பதிலும் சொல்லிவிட்டார். பாதை இருக்கிறது. பெரும்பாலும் கருவியோ போர்ட் எண்ணோதான் தவறு. அரை நிமிடம், ஒரு நிமிடம் சுற்றிவிட்டு 'டைம்ட் அவுட்' என்று வந்தால், நடுவில் யாரோ சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள். ஃபயர்வாலும் அப்படிச் செய்யும், சிஜிநேட்டும் அப்படிச் செய்யும். ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சிஜிநேட் இருக்கும்போது 103 எண்ணுக்குப் பிங் போட்டால் பதில் வரலாம். அந்தப் பதிலைச் சொல்வது நெட் நிறுவனத்தின் பெட்டி. "பிங் வருது, அப்ப லைன் ஓகே" என்று கேமரா மாட்டியவர் சொன்னது இதை நம்பித்தான். டிடிஎன்எஸ் வைத்தாலும் இதே கதை: மாறும் ஐபியை ஒரு பெயரோடு கட்டிவைப்பதுதான் அதன் வேலை, அது பதிவதும் பத்து வீடு பங்கிடும் அந்த 103 எண்ணைத்தான்.

வேறு மாதிரி ஒரு தொந்தரவும் வரும். உள்ளே நுழைய முடிகிறது, கடவுச்சொல் கேட்கிறது, அப்புறம் திரை வெள்ளையாக நின்றுவிடுகிறது. இது பெரும்பாலும் பொட்டலத்தின் அளவுப் பிரச்சினை. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1,500 பைட். பிபிபிஓஇ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1,492. இதற்கு மேல், இணையத்துக்குள்ளேயே நமக்கென்று தனிப் பாதை போடும் விபிஎன்னைப் போட்டால் இன்னும் குறையும். சின்னப் பொட்டலங்கள் போய்விடும், பெரியவை வழியில் மாட்டிக்கொள்ளும். பொட்டலத்தின் உச்ச அளவைச் சொல்லும் எம்டியுவை ரூட்டரில் 1,492 என்றோ, விபிஎன்னில் 1,400க்குக் கீழேயோ வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நெட் நிறுவனங்களே வேண்டுமென்று மூடிவைக்கும் போர்ட்டுகளும் உண்டு. அஞ்சல் அனுப்பும் 25, விண்டோஸ் கோப்புப் பகிர்வின் 445 இரண்டும் பல நிறுவனங்களில் மூடியிருக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்த 445 வழியாகத்தான். அதை மூடியதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி கடையில் எனக்குத் திக்கென்றது வேறொன்றைப் பார்த்துத்தான். கேமரா மாட்டியவர் ஃபயர்வாலை அணைத்ததோடு நிற்காமல், டிஎம்இசட் என்ற இடத்தில் டிவிஆரின் எண்ணைப் போட்டிருந்தார். எந்தப் போர்ட்டுக்கு எது வந்தாலும் டிவிஆருக்கே அனுப்பு என்று அதற்கு அர்த்தம். யுபிஎன்பியும் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குள் இருக்கும் எந்தக் கருவியும் யாரையும் கேட்காமல் ரூட்டரில் வாசல் திறந்துகொள்ளலாம். டிவிஆரின் கடவுச்சொல் 12345. சிஜிநேட் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டி அன்றைக்கே வேறு யார் கைக்கோ போயிருக்கும்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2016இல் மிராய் என்றொரு தீநிரல் பரவியது. அது செய்ததெல்லாம் இணையத்தில் திறந்து கிடக்கும் கேமராக்கள், டிவிஆர்கள், ரூட்டர்களைத் தேடி, தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் சுமார் அறுபது பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததுதான். அதற்கே லட்சக்கணக்கான கருவிகள் திறந்துகொண்டன. அக்டோபர் 21 அன்று அந்தப் படையை வைத்து தளங்களின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவை நடத்திய டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் திணறின. கடைச் சுவரில் மாட்டிய கேமராக்கள் செய்த வேலை அது. அடுத்த மாதமே ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரூட்டர்கள் முடங்கின. நெட் நிறுவனங்கள் தூரத்திலிருந்து ரூட்டரைப் பராமரிக்க வைத்திருக்கும் 7547 என்ற போர்ட்டைக் குறிவைத்து வந்த தாக்குதல் அது. அந்த ரூட்டர்களுக்குள் நுழைய முடியவில்லை என்றாலும், வந்து குவிந்த அழைப்புகளிலேயே அவை விழுந்துவிட்டன. வாடிக்கையாளரின் வசதிக்குத் திறக்கும் வாசலுக்கும் நிறுவனத்தின் வசதிக்குத் திறக்கும் வாசலுக்கும் ஆபத்தில் வித்தியாசமில்லை.

ஆகவே "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க" என்பது சோதனைக்காகச் சொன்னால்கூட எனக்குப் பிடிக்காத அறிவுரை. சிஜிநேட் இருக்கும்போது பயனில்லை. இல்லாதபோது ஆபத்து. திரும்ப ஆன் பண்ண யாரும் ஞாபகம் வைத்திருப்பதும் இல்லை.

வழி என்ன? நெட் நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்கலாம். மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாகப் பணம் கேட்பார்கள், சிலர் வணிக இணைப்புக்கு மட்டும்தான் தருவோம் என்பார்கள். வாங்கினால் சிஜிநேட்டிலிருந்து வெளியே வந்துவிடலாம், கூடவே மிராய் போன்றவை தேடும் திறந்த வெளிக்கும் வந்துவிடுவீர்கள். அங்கே டிவிஆரை நேரடியாக ஃபார்வர்டு செய்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. அதேபோல, தூரத்திலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டரைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. டேலி கம்ப்யூட்டரை அப்படித் திறந்துவைத்திருக்கும் கணக்காளர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து இன்றே மூடிவிடுங்கள்.

கேமரா நிறுவனங்களே கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கும் வசதி தருகின்றன. டிவிஆர் உள்ளிருந்து கிளம்பி நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பை வைத்துக்கொள்ளும், கைபேசியும் அங்கே போகும், சர்வர் இருவரையும் அறிமுகப்படுத்தும். உள்ளிருந்து கிளம்புவதால் பேரேட்டில் வரி விழுந்துவிடுகிறது, சிஜிநேட் தடையில்லை. வசதிதான். உங்கள் கடைக்குள் நடப்பது யாருடைய சர்வர் வழியாகப் போகிறது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

என் விருப்பம் விபிஎன். வயர்கார்டு என்ற விபிஎன் 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6இலேயே சேர்ந்துவிட்டது. அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்றவற்றை வைப்பது இன்னும் சுலபம். கடையில் எப்போதும் ஓடும் ஒரு சிறு கம்ப்யூட்டர், கையில் ஒரு கைபேசி, இரண்டும் உள்ளிருந்து வெளியே கிளம்பி நடுவில் சந்தித்துக்கொள்கின்றன. வெளியே ஒரு போர்ட்கூடத் திறக்கத் தேவையில்லை. வயர்கார்டு பயன்படுத்தும் யுடிபி வகைப் பொட்டலங்களுக்கான பேரேட்டு வரியைக் குறைந்தது இரண்டு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 4787 சொல்கிறது. நெரிசலான பெட்டிகள் அதற்கு முன்பே அழித்துவிடுவதும் உண்டு. அதனால்தான் வயர்கார்டில் 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பி வரியை உயிரோடு வைத்திருக்கிறோம்.

ஐபிவி6 இதற்கெல்லாம் நிரந்தரத் தீர்வு என்று சொல்வார்கள், பாதி உண்மை. 128 பிட் முகவரி. பற்றாக்குறையே கிடையாது, ஒவ்வொரு கேமராவுக்கும் உலகத்துக்கே தனித்த எண் கொடுக்கலாம், பங்கிட வேண்டியதில்லை. இந்தியா ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. மொபைல் டேட்டாவில் நாம் தினமும் அதில்தான் போய்வருகிறோம். ஆனால் ஐபிவி6க்கு வந்தால் முதல்முறையாக ஃபயர்வால் உண்மையிலேயே காரணமாகிவிடுகிறது. வெளியிலிருந்து தானாக வருவதை இயல்பாகவே மறுக்கும்படி வீட்டு ரூட்டரை அமைக்கும் முறையை 2011இலேயே ஆர்எஃப்சி 6092 விவரித்துவிட்டது, பல ரூட்டர்கள் அப்படித்தான் வருகின்றன. நல்லதும்கூட. ஒரே ஒரு கருவிக்கு, ஒரே ஒரு போர்ட்டுக்கு ஒரு சின்ன ஓட்டை திறக்கும் பக்கம் ரூட்டரில் இருக்க வேண்டும். பல ஓஎன்டிகளில் ஐபிவி6 ஃபயர்வால் என்றால் ஆன், ஆஃப் என்று ஒரே சுவிட்சுதான். அதை அணைத்தால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் வெளியே நிற்கும். நேட் என்ற திரைகூட அங்கே கிடையாது. ஆகவே அணைக்காதீர்கள். தவிர, நெட் நிறுவனம் கொடுக்கும் முன்பகுதி எண் அடிக்கடி மாறும், பார்க்கிற இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

நெட் நிறுவனங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சிஜிநேட் வைத்திருப்பது குற்றமில்லை, 512 முகவரியை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார்கள்? சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. திட்ட அட்டவணையில் எத்தனை எம்பிபிஎஸ், எந்தெந்த ஓடிடி என்று அச்சடிக்கும் இடத்தில் "இந்த இணைப்பில் பொது ஐபி கிடையாது" என்று ஒரு வரி சேர்க்கலாம். அழைப்பை எடுக்கும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு எண்களை ஒப்பிடச் சொல்லிக்கொடுக்கலாம். அவர்களும் பாவம், கையில் கொடுத்த தாளில் "ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லவும்" என்பதைத் தாண்டி எதுவும் இருப்பதில்லை.

அண்ணாச்சி கடையில் வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. பில் போடும் கம்ப்யூட்டர் இரவிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதில் விபிஎன்னை நிறுவி, அவர் கைபேசியிலும் மகன் கைபேசியிலும் போட்டுக்கொடுத்தேன். டிஎம்இசட்டையும் கேமராக்காரர் போட்டிருந்த மூன்று ஃபார்வர்டிங் வரிகளையும் அழித்தேன். யுபிஎன்பியை நிறுத்தினேன். ஃபயர்வாலைத் திரும்ப ஆன் செய்தேன். 12345ஐ மாற்றி, புதிய கடவுச்சொல்லை அவர் கையாலேயே கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதவைத்தேன். அப்புறம் கடையை விட்டு இறங்கி, எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று மொபைல் டேட்டாவில் பார்த்தோம். ஐந்தாவது கட்டத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "பருப்பு மூட்டையை ஈரத்துல வைக்கானுவ" என்று அண்ணாச்சி அங்கிருந்தே ஓடினார்.

அவருடைய புகார் நெட் நிறுவனத்தில் அன்றும் திறந்தே இருந்தது. 'வாடிக்கையாளர் ரூட்டர் ஃபயர்வால் கோளாறு' என்று பதிவு. நான் அழைத்து, அதை 'சிஜிநேட், பொது ஐபி இல்லை' என்று மாற்றி எழுதச் சொன்னேன். எடுத்த பெண் அப்படி ஒரு வகை தங்கள் பட்டியலில் இல்லை என்றார். சரி, குறிப்பிலாவது எழுதுங்கள் என்று கேட்டு, அவர் எழுதி வாசித்துக் காட்டும்வரை லைனில் இருந்தேன்.